ரேவதிக்கென்று எடுத்து வைத்த பாட்டு

பர்மாவில் தாமுவே மார்க்கெட்டில் ரவிக்கை தைக்கிற சத்யபாமாவுக்குச் சினிமாப் பாட்டுத் தெரியாது என்று போன வருஷம் வரைக்கும் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவருக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். காலை ஏழு மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தாள் என்றால் பாட்டும் கூடவே உட்கார்ந்துவிடும். துணி கொடுக்க வருகிற பர்மாக்காரிகள் அவளை மரியாதையாக 'டோ பாமா' என்று கூப்பிடுவார்கள். பாஷை புரியாவிட்டாலும் இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வயது ஐம்பத்தெட்டு. ஒரு கத்தரிக்கோல் கையில், ஒன்று வாயில். பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளை, அவள் பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள், நூற்றைம்பது பேர் கூடியிருந்த இடத்தில் உட்காரவைத்து, இவளுக்குப் பாட்டே தெரியவில்லை என்று சிரித்தார்கள். அந்த அநியாயத்தைச் சொல்வதென்றால் அவள் அப்பா காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அறுபத்து நாலாம் வருஷம் கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டபோது, தமிழ் ஜனங்கள் கப்பல் கப்பலாக ஊருக்குக் கிளம்பினார்கள். அவர்கள் குடியிருந்த தாமுவேச் சந்தில் எதிர்வீட்டு ஹஸ்ஸான் முதலாளிக்கு லத்தா பேட்டையில் ஜவுளிக்கடை. அதுவும் போனது. கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களில் ஒரு கிராமபோன் பெட்டியும், பத்தொன்பது இசைத்தட்டுகளும், ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகமும் இருந்தன. "வச்சிரு, திரும்பி வந்து வாங்கிக்கிறேன்" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவும் இல்லை, அந்தச் சந்துக்கு இருபதாவது தட்டு வரவும் இல்லை.

சத்யபாமா பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அவளுக்குப் பாட்டு என்றால் அந்தப் பெட்டியில் இருந்த முப்பத்தெட்டுதான். சந்தில் இருந்த பதினாறு தமிழ்க் குடும்பத்துக்கும் அதே முப்பத்தெட்டுதான். வேறு என்ன இருந்தது? கொட்டகையில் தமிழ்ப் படம் கிடையாது. ஊரிலிருந்து வருகிற கடிதாசி சர்க்கார் ஆட்கள் பிரித்துப் படித்து ஒட்டிய பிறகுதான் வந்து சேரும். லான்மடாவ் பக்கம் கப்பல்காரர்கள் வீட்டில் என்னென்னவோ வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டாள். தாமுவேச் சந்துக்கு அதெல்லாம் எட்டவில்லை.

ஆகையால் அந்தச் சந்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பெண் குழந்தை பிறந்தால் தாய்க்காரி அந்த முப்பத்தெட்டில் ஒரு பாட்டை அதற்கென்று எடுத்து வைத்துவிடுவாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு முதல் நாள், பெண்ணைப் பாயில் உட்காரவைக்க அழைத்து வரும்போது தாய் அதைப் பாடிக்கொண்டே முன்னால் நடந்து வர வேண்டும். எடுத்து வைத்த பாட்டை வேறு கல்யாணத்தில் யாரும் தொடக் கூடாது. இதை வைத்து இரண்டு சண்டை வந்திருக்கிறது. அதில் ஒன்றில் இரண்டு வீட்டுக்காரிகள் பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சத்யபாமா மாப்பிள்ளை வருவதற்கு முன்பே பாட்டை எடுத்து வைத்துவிட்டவள். பத்தொன்பதாவது தட்டின் இரண்டாம் பக்கம். படகில் ஏறிப் போகிறவளைப் பார்த்துக் கரையில் நிற்கிறவள் பாடுவது. "இது என் மகளுக்கு. எவளாவது கையை வச்சா நடக்கிறதே வேற" என்று பதினைந்தாம் வயதில் தெருக்குழாயடியில் நின்று சொன்னாள். மகள் எங்கே என்று கேட்டுச் சந்தே சிரித்தது. ஆனாலும் ஒருத்தியும் கை வைக்கவில்லை.

பாட்டுப் புத்தகம் ஒன்றின் அட்டையில் ஒரு நடிகர் படம் இருந்தது. சுருட்டை முடி, மெல்லிய மீசை, தோளில் மேல்துண்டு. பதினாறு வயதிலிருந்து அந்த அட்டை அவள் துணிப்பெட்டிக்குள் இருந்தது. தினம் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வாள். மூன்று வரன் வந்தது, மூன்றையும் தட்டிக்கழித்தாள். காரணத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

தொண்ணூறாம் வருஷம், திருச்சியிலிருந்து மாமா மகள் கலா ஒரு வார விசாவில் வந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, இருபத்து நாலு. பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து ஊர்க்கதை பேசினார்கள். மூன்றாம் நாள் சத்யபாமா துணிப்பெட்டியைத் திறந்து, அட்டையை எடுத்துக் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி கலா, இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

கலா அட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, இங்க வாங்களேன்! உங்க மக யாரைக் கேக்கறா பாருங்க! அடியே, இந்த மனுஷன் செத்து பன்னிரண்டு வருஷம் ஆச்சுடி! இருந்திருந்தா எங்க தாத்தா வயசு!"

வீடே சிரித்தது. அப்பாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. சத்யபாமா தானும் சிரித்துவைத்துவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தீட்டுக் கழிக்கிறாளாம் என்று அதற்கும் ஒரு சிரிப்பு. ஆமாம், தீட்டுக் கழிக்கத்தான் ஊற்றிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் தாமதமாக வந்த சாவுக்கு வேறு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் செல்வத்தைக் கட்டிக்கொண்டாள். லத்தாவில் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றுகிற லாரி ஓட்டுபவர். அதிர்ந்து பேசாத மனிதர். அட்டையைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. தவமிருந்து ஆறு வருஷம் கழித்து ரேவதி பிறந்தாள்.

ரேவதி படித்தாள், ஒரு தனியார் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள், அங்கேயே ஒரு தமிழ்ப் பையனைப் பிடித்தாள். தமிழ் புரியும், பேசினால் பாதி பர்மீஸ் கலந்து வரும். காதில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். சில நாள் கொரியா, சில நாள் பர்மா, சில நாள் தமிழ். எல்லாம் சத்யபாமாவுக்கு ஒரே மாதிரி டும் டும் என்றுதான் கேட்கும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் பெண் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"மா, அந்த உன் பாட்டு வேணாமே."

"எது வேணாம்?"

"படகுப் பாட்டு. மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாதுமா. நம்ம சந்துலயே பாதிப் பேர் காலி பண்ணிப் போயாச்சு. ருமானா ஒரு புது தச்சின் எடுத்து வச்சிருக்கா, தமிழ்ப் பாட்டுதான். அதுக்கு நீ நடந்து வந்தாப் போதும், வாயே தொறக்க வேணாம்."

சத்யபாமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயே திறக்க வேண்டாமாம்! தினம் மிஷின் சத்தத்துக்கு நடுவே அந்தப் பாட்டைப் பாடித்தானே இவளைத் தொட்டிலில் ஆட்டினாள்? இத்தனை வருஷம் வெளியே ஒரு மேடையிலும் பாடாமல் பொத்திப் பொத்தி வைத்தது இதற்குத்தானா? கத்தினாள், சோறு வேண்டாம் என்றாள், கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றாள். கடைசியில் ரேவதிதான் ஒரு வழி சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பாட்டுப் போட்டி ஒன்று சிநேகிதி ருமானா வைக்கிறாள். அதில் அம்மா ஜெயித்தால் அம்மா பாட்டு. தோற்றால் புதுப் பாட்டு.

"இவ்வளவுதானா?" என்றாள் சத்யபாமா. இரண்டு தட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். முப்பது வருஷமாகச் சந்துக் கல்யாணங்களில், பாட்டுக்குப் பாட்டில் அவளை ஒரு மாப்பிள்ளை வீடும் ஜெயித்தது கிடையாது.

ருமானா ரேவதியோடு பள்ளியில் படித்த பெண். லத்தாவில் செல்போன் கடையில் வேலை. துறுதுறுவென்று ஓடியாடுகிற பெண், சத்யபாமாவுக்கே பிடித்தமானவள்தான். முதல் நாள் மத்தியானம் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டி, போனைச் சொருகி, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் நிலவரம் சரியில்லாமல் சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீடு திரும்ப வேண்டுமென்பதால் மூன்று மணிக்கே எல்லாம் ஆரம்பித்துவிட்டது.

"ஐம்பது வயசுக்கு மேல இருக்கற ஆன்ட்டி, அங்கிள் எல்லாம் முதல்ல! உங்க உங்க காலத்துப் பாட்டுதான் வரும். நீங்க பதினஞ்சு, இருவது வயசுல கேட்டது. மூணு செகண்டு போடுவேன். என்ன பாட்டுன்னு சொல்லணும்!"

பெண் வீட்டுக்குத் தலைவி சத்யபாமா. மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்பந்தியம்மாள் ரத்தினம்மாள். அவளுக்கும் ஐம்பத்தெட்டுதான். சத்யபாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு. ஒரு கித்தார், ஒரு தட்டு, நின்றுவிட்டது. ரத்தினம்மாள் கையைத் தூக்கிவிட்டாள். இரண்டாவது, ஒரு புல்லாங்குழல். ரத்தினம்மாள். மூன்றாவது, நான்காவது. சத்யபாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மண்டைக்குள் முப்பத்தெட்டுப் பாட்டையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. எட்டாவது பாட்டுக்கு ருமானா இரக்கப்பட்டு மூன்று செகண்டைப் பத்தாக்கினாள். பத்து நிமிஷம் போட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"என்ன சம்பந்தி!" என்று ரத்தினம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "நாம ரெண்டு பேரும் ஒரே வயசுதானே? இது நம்ம வயசுக்கு வந்த காலத்துப் பாட்டாச்சே! எங்க அண்ணன் கப்பல்ல இருந்து வரும்போதெல்லாம் பெட்டி பெட்டியா கேசட்டு கொண்டுவருவாரு. இது தெரியாம நீங்க எங்க இருந்தீங்க அத்தனை நாளா?"

மண்டபம் சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, கல்யாண வீட்டுச் சிரிப்புதான். எங்கே இருந்தாளாம்! இங்கேதான் இருந்தாள். தாமுவேயில், இதே ஊரில்தான் இருந்தாள். அவள் வயசுக்கு வந்ததும் இங்கேதான். அந்த வயசுக்கு உரிய பாட்டு அவள் வாசலுக்கு வந்து சேரவில்லை என்றால் அது அவள் குற்றமா? அம்மா காலத்துப் பாட்டைக் கொடுத்து இதுதான் உன் காலம் என்றார்கள். நம்பினாள். இப்போது மகள் காலத்துக்காரர்கள் வந்து, உன் காலமே உனக்குத் தெரியவில்லையே என்கிறார்கள். முன்னாலும் பின்னாலும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிற்கிறவளைப் பார்த்து, ஏன் வெளியே வரவில்லை என்று கேட்டால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

"அமலே, அம்மாடியோ, போட்டி முடிஞ்சது! மாப்பிள்ளை வீடு!" என்று ருமானா அறிவித்தாள். ரேவதி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். படகுப் பாட்டு போயிற்று.

"இப்போ நம்ம புதுப் பாட்டு!" என்றாள் ருமானா. "ஆன்ட்டி நடந்து வரப்போற பாட்டு. எல்லாரும் கேட்டுப் பாருங்க, லேட்டஸ்ட்டு!"

போனைத் தட்டினாள். ஸ்பீக்கர் அதிர்ந்தது. இளவட்டங்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள்.

அப்போது மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையான சின்னத்தம்பி, பினாங்கிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர், நாற்காலியில் சாய்ந்துகொண்டு உரக்கச் சிரித்தார்.

"இதுவாம்மா லேட்டஸ்ட்டு? ஐயோ பாவமே! இது வந்து நாலு வருஷம் ஆச்சும்மா. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைங்ககூட இப்ப இதைக் கேக்காது. என் மகன்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பான். நீங்கள்லாம் எந்த உலகத்துல இருக்கீங்க?"

ருமானாவின் விரல் போன் மேலேயே நின்றது. பாட்டு நின்றுவிட்டது.

"இல்ல அங்கிள், இங்க நெட்டு..." என்று ஆரம்பித்தாள். பிறகு தப்பு செய்துவிட்டவளைப் போலச் சிரித்தாள்.

நெட்டு வருகிற அன்றைக்குக் கரண்டு இருக்காது. கரண்டு இருக்கிற அன்றைக்கு நெட்டு இருக்காது. இரண்டும் இருந்தால் எதைத் திறந்தாலும் சர்க்கார் அடைத்து வைத்திருக்கிறது. வேலை முடிந்த பிறகு கடையிலேயே காத்துக் கிடந்து, வெளிநாடு போய்விட்ட சிநேகிதிகளைக் கெஞ்சி, ஒவ்வொரு பாட்டாக ஒரு மாதம் சேர்த்திருந்தாள் அந்தப் பெண். அது சத்யபாமாவுக்குத் தெரியும், வீட்டில் ரேவதி சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

முதலில் சத்யபாமாவுக்கு, உண்மையைச் சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. நன்றாக வேண்டும், என் பாட்டைத் தள்ளிப் புதுசு போட வந்தவளுக்கு இவனே வந்து பதில் சொன்னான் என்று நினைத்தாள். அப்புறம் ருமானாவின் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். இருபத்து நாலு வயதில், கையில் ஓர் அட்டையோடு, அவளும் இப்படித்தான் சிரித்துவைத்தாள்.

அவ்வளவுதான். எழுந்துவிட்டாள்.

"நிறுத்துங்க தம்பி!"

செல்வம் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "பாமா, சம்பந்தி வீட்டு ஆளு..."

"இருந்தா இருக்கட்டும்ங்க! விடுங்க!" முந்தானையை உருவிக்கொண்டு நடு மண்டபத்துக்கு வந்தாள். "எந்த உலகத்துல இருக்கீங்கன்னா கேக்கறீங்க? உங்களுக்குக் குழாயத் தொறந்தாக் கொட்டுது. எங்களுக்கு யாராவது கொண்டுவந்தாத்தான் உண்டு. இந்தப் பொண்ணு ஒரு மாசமா ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேத்திருக்கா, தெரியுமா உங்களுக்கு? எங்க கைக்கு என்னைக்கு வருதோ அன்னைக்குத்தான் அது புதுசு. உங்க ஊர்ல அது செத்துப்போயிருந்தா எங்களுக்கு என்ன?"

அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"நான் இவ வயசுல ஒரு அட்டையைக் காட்டி, இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டேன். கட்டிக்கிறதுக்குத்தான் கேட்டேன். ஆமா, இப்ப சொல்றேன், சிரிக்கறவங்க சிரிச்சுக்கங்க! அந்த மனுஷன் செத்து பன்னிரண்டு வருஷம்னு சொல்லி வீடே சிரிச்சுது. நான் மட்டும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன். அன்னையிலேர்ந்து இன்னைவரைக்கும் ஒரு பாட்டுக்காரன் பேரை வாய்விட்டுக் கேக்கறதுக்கு எனக்குப் பயம். உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாதே! அந்தப் பயத்தை இந்தப் பொண்ணுக்கும் கொடுத்துட்டுப் போகத்தான் கப்பலேறி வந்தீங்களா?"

செல்வம் மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் அட்டைக்காரரைப் பற்றி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. ரத்தினம்மாள் தொடையில் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சத்யபாமா ருமானாவின் பக்கம் திரும்பினாள். "என்னடி முழிக்கிற? போடு அந்தப் பாட்டை. மொதல்லேர்ந்து போடு. சத்தமா வை."

"ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி..."

"பந்தயத்துல தோத்திருக்கேன், இதுக்குத்தான் நடப்பேன். போடுங்கறேன்ல!"

ஸ்பீக்கர் மறுபடி அதிர்ந்தது. சத்யபாமா ரேவதியின் கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிப்போய், அங்கிருந்து அந்த நாலு வருஷப் பழைய புதுப் பாட்டுக்கு நடந்து வந்தாள். தாளம் ஒரு பக்கம் போனது, அவள் கால் ஒரு பக்கம் போனது. முகத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் நடந்தாள். ருமானா மட்டும் மைக்கை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

மகளைப் பாயில் உட்காரவைத்தாள். பாட்டு முடிந்தது. சத்யபாமா கையை நீட்டி ருமானாவிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"நடந்துட்டேன்," என்றாள். "பந்தயம் தீர்ந்தது. உக்காந்த பிறகு பாடக் கூடாதுன்னு பந்தயத்துல யாரும் சொல்லல."

பாட ஆரம்பித்தாள். பதினைந்து வயதிலிருந்து எடுத்து வைத்திருந்த பாட்டு. கோபத்தில் முதல் வரி நடுங்கியது, இரண்டாவதில் சரியானது. அந்தப் பத்தொன்பதாவது தட்டில் சரணத்தின் நடுவில் ஒரு கீறல் உண்டு. முள் அங்கே சிக்கி ஒரே சொல்லை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மேலே போகும். சத்யபாமா பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக் கற்றுக்கொண்டவள். கலா வந்தபோது அதற்கும் சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சரியாகப் பாட வேண்டுமென்று ஒரு வாரமாகப் பழகியும் வைத்திருந்தாள்.

அந்த இடம் வந்தது. அவள் ஒருமுறை சொல்லி நிறுத்தினாள். நிறுத்திய இடத்தில் பாயிலிருந்து ஒரு குரல் இரண்டாவது முறையையும் மூன்றாவது முறையையும் சொன்னது. ரேவதிதான். பர்மீஸ் கலந்த நாக்கில், தட்டில் எப்படிச் சிக்குமோ அப்படியே. சந்தில் மிச்சமிருந்த நாலு கிழவிகளும் அவளோடு சேர்ந்து சொன்னார்கள். சத்யபாமா மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினாள். மீதியை அவர்கள்தான் பாடி முடித்தார்கள்.

பந்தி ஆரம்பித்தபோது சத்யபாமா சோற்று வாளியைத் தானே எடுத்துக்கொண்டாள். சின்னத்தம்பியின் இலைக்கு வந்தபோது அவர் எழப் பார்த்தார்.

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். "நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

சத்யபாமா அவர் இலையில் சோற்றைக் குறை வைக்காமல் போட்டாள். கரண்டியை வாளியில் வைத்தாள்.

"அந்த அட்டைக்காரர் செத்துப்போனதையும் எனக்கு விளையாட்டுக்குத்தான் தம்பி சொன்னாங்க," என்றாள். அடுத்த இலைக்குப் போனாள்.